உயர்நிலை ஆங்கிலச் சொல்வளம் பெற ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் மாலை வேளைகளில் கல்லூரி மாணவர்களுக்கும், வங்கித் தேர்வுக்கும் வெளிநாட்டு உயர்கல்விக்கும் ஆயத்தமாகிறவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், களக்காடு, நாங்குநேரி எனப் பல ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருகிற அவர்களில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்தவர்கள். இலக்கணத்தில் ஓரளவு தேறிவிட்ட பிறகும் சொல்வளத்தில் நின்றுவிடுகிறவர்கள்.

அவர்களில் ஒருவர் 2023 டிசம்பர் மழையைப் பற்றி ஒரு பத்தி எழுதி வந்தார். அதில் 'எக்ஸார்பிட்டன்ட்' மழை பெய்ததாக எழுதியிருந்தார். அந்தச் சொல்லுக்கு 'மிக அதிகமான' என்று அவருடைய நோட்டில் பொருள் இருந்தது; பொருளிலும் பிழையில்லை. ஆனால் அந்தச் சொல் விலை, கட்டணம், வாடகை போன்றவற்றோடுதான் வரும், மழையோடு வராது. சொல்லையும் பொருளையும் மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது தெரிய வழியே இல்லை. கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த ஒரு குறையை முதலிலிருந்தே தவிர்ப்பதற்காக அமைந்தவை. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

நாள்தோறும் 40 நிமிடம் வேண்டும். அதை ஒரே மூச்சில் ஒதுக்க முடியாவிட்டால் காலையில் 15, இரவில் 25 எனப் பிரித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு மணி நேரம் உட்காருவது இதற்கு ஈடாகாது. அதன் காரணம் 6-ஆம் படியில் வருகிறது.

ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லுகிற, கற்போருக்கான அகராதி ஒன்று வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகியவற்றின் கற்போர் அகராதிகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். லாங்மேன் அகராதியில் விளக்கங்கள் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக்கொண்டே எழுதப்பட்டிருப்பதால், விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு அகராதி தேவைப்படாது.

இவை தவிர உள்ளங்கை அளவில் வெட்டிய வெள்ளை அட்டைகள், பென்சில், மூடியுள்ள இனிப்புக் கடைப் பெட்டி ஒன்று. இவ்வளவு போதும். சொற்பட்டியல் புத்தகத்தை இப்போது வாங்க வேண்டாம்.

1. நிற்கும் இடத்தை அளந்து பாருங்கள்

ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 300 சொற்கள் கொண்ட பகுதியை எடுத்து, அகராதி இல்லாமல் படித்து, பொருள் தெரியாத சொற்களைக் கோடிட்டு எண்ணுங்கள். 'எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது' என்று தோன்றுகிற சொல்லையும் தெரியாததாகவே கணக்கில் சேருங்கள்.

6 அல்லது அதற்குக் குறைவாக வந்தால், அதாவது நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருந்தால், நீங்கள் துணையின்றிப் படிக்கக்கூடியவர். 7 முதல் 15 வரை வந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது. 15-க்கு மேல் போனால் அடிப்படைச் சொற்களில் இடைவெளி இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் அடிப்படைச் சொற்கள் என்று குறியிட்டுக் காட்டப்பட்டிருக்கும் 3,000 சொற்களை முதலில் முடித்துவிட்டு வாருங்கள்.

இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் மிகுதி. அடிப்படையில் ஓட்டை இருக்கும்போது அரிய சொற்களைச் சேர்த்தால், சேர்த்த சொல்லைச் சுற்றியிருக்கும் வாக்கியமே புரியாது; வாக்கியம் புரியாமல் கற்ற சொல் தங்காது. எண்ணிக்கையைத் தேதியோடு அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. மூன்று மாதத்துக்கு ஒரே துறை

நாளிதழ்களையும் நாவல்களையும் தடையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் கணக்கிட்டிருக்கிறார். ஒரு சொற்குடும்பம் என்பது ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது. இந்த எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஆனால் அந்தப் பரப்பில் எல்லா மூலையிலும் ஒரே நேரத்தில் கை வைத்தால் எந்தச் சொல்லும் உங்கள் கண்ணில் இரண்டாம் முறை படாது. ஒரு துறைக்குள் நின்று படித்தால், இன்று பார்த்த சொல் நான்கு நாளில் தானாகவே திரும்ப வரும்.

முதல் துறையாக நான் எப்போதும் சொல்வது நம் ஊரையே. தாமிரபரணியைப் பற்றி, பாபநாசம், மணிமுத்தாறு அணைகளைப் பற்றி, கூந்தன்குளத்துப் பறவைகளைப் பற்றி, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. செய்தி முன்பே தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லின் பொருளைச் சூழலே காட்டிக்கொடுக்கும். நம் ஆற்றை 'பெரென்னியல்' என்று ஒரு கட்டுரை சொன்னால், வற்றாத ஆறு என்பதை நாம் அகராதி பார்த்தா அறிய வேண்டும்? ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளைப் பற்றிப் படிக்கும்போது 'அனிகட்' என்ற சொல் வரும். அது நம்முடைய அணைக்கட்டேதான், ஆங்கில அகராதியில் இடம்பிடித்திருக்கிறது.

மேற்படிப்புக்காகக் கற்பவர்கள், அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எல்லாத் துறைகளின் பாடநூல்களிலும் பொதுவாக வரும் 570 சொற்குடும்பங்கள் அதில் உள்ளன. அதை மனப்பாடத்துக்கு எடுக்காதீர்கள். நீங்கள் படிக்கும்போது கண்ட சொல் அதில் இருக்கிறதா என்று சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். இருந்தால் அந்தச் சொல்லுக்கு முன்னுரிமை.

3. முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள்

ஒரு கட்டுரையை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை, தெரியாத சொல்லின் கீழே பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு மேலே செல்லுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கைப்பேசியை எடுத்தால் வாக்கியத்தின் ஓட்டம் அறுபடுகிறது. ஊகிக்கும் பழக்கமும் வளராது. இரண்டாம் முறை படிக்கும்போது, புள்ளி வைத்தவற்றில் பாதி தாமாகவே விளங்கியிருக்கும்.

மீதியில் ஐந்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். முன்பும் எங்கோ பார்த்த சொல், கட்டுரையின் கருத்துக்கு இன்றியமையாத சொல், நீங்களே எழுத வாய்ப்புள்ள சொல் ஆகியவை இந்த ஐந்தில் வர வேண்டும். வாரத்தில் ஆறு நாள் இப்படிச் செய்தால் 30 சொற்கள், ஆண்டுக்கு 1,500-க்கு மேல். நாளைக்கு 25 என்று தொடங்கியவர்களில் மூன்றாம் வாரத்தைத் தாண்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. புதிய சொற்களைவிடத் திருப்பிப் பார்க்க வேண்டிய பழைய சொற்களின் சுமைதான் அவர்களை முறிக்கிறது.

4. எந்தச் சொற்களைச் சேர்த்துக் கற்கலாம், எவற்றைப் பிரிக்க வேண்டும்

இந்தப் படியைப் பலரும் அறிவதில்லை. நானும் கல்லூரி நாட்களில் அறியாமல், அகர வரிசையில் இருந்த ஒரு பட்டியலை மாதக்கணக்கில் படித்தேன். அடுத்தடுத்து இருந்த, எழுத்தில் ஒத்த சொற்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தேர்வறையில் எது எதற்குப் பொருள் என்று பிரிக்க முடியாமல் போயிற்று.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.-க்கு மேல் மழை பதிவானதும், ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் ரயிலின் பயணிகள் சிக்கிக்கொண்டதும் இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களின் ஆங்கிலச் செய்திகளில் இரண்டு வகைச் சொற்கள் இருந்தன.

குளக்கரை உடைந்ததற்கு 'ப்ரீச்', மக்களை வெளியேற்றியதற்கு 'இவாக்குவேட்', வெள்ளம் வடிந்ததற்கு 'ரிசீட்' என்பவை முதல் வகை. இவை ஒரே நிகழ்ச்சியில் வெவ்வேறு வேலை செய்கிற சொற்கள். ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதைக் குறிப்பவை. இவற்றை ஒரே நாளில் கற்றால் ஒன்று மற்றதை நினைவூட்டும்.

நீர் சூழ்ந்ததற்கு 'இனண்டேட்', மூழ்கியதற்கு 'சப்மெர்ஜ்' என்பவையும், பயணிகள் நின்றுபோனதற்கு 'ஸ்ட்ராண்டட்', 'மரூண்ட்' என்பவையும் இரண்டாம் வகை. இவை ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிற சொற்கள். இவற்றை ஒரே நாளில் கற்றால் இரண்டும் குழம்பும். முதலில் 'ஸ்ட்ராண்டட்' மட்டும் கற்று, பிசகில்லாமல் வருகிறது என்று உறுதியான பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து 'மரூண்ட்' எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது வேறுபாடும் தெளிவாகத் தெரியும்: பஸ் வராமல் வண்ணார்பேட்டையில் நிற்பவரும் 'ஸ்ட்ராண்டட்'தான், நாலாபுறமும் நீர் சூழ்ந்து தீவுபோல் துண்டிக்கப்பட்டவருக்கே 'மரூண்ட்' இயல்பாகப் பொருந்தும்.

ஒத்த பொருளுள்ள சொற்களை ஒரே வரிசையில் அடுக்கித் தரும் பட்டியல்கள் படிக்கச் சுகமாக இருக்கும். தொடக்கத்தில் அவற்றைத் தள்ளி வையுங்கள்.

5. அட்டை எழுதும் முறை

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. முன்பக்கத்தில், கட்டுரையில் கண்ட வாக்கியத்தை அப்படியே எழுதி, சொல் இருந்த இடத்தைக் கோடாக விடுங்கள். பின்பக்கத்தில் சொல், அதில் எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்ற குறிப்பு, அதோடு சேர்ந்து வருகிற மூன்று தொடர்கள், கடைசியாகத் தமிழில் ஒரு வரி.

'ப்ரீச்' அட்டை இப்படி இருக்கும். முன்பக்கத்தில், கனமழையால் குளக்கரையில் ஒரு கோடிட்ட இடம் ஏற்பட்டு ஊருக்குள் நீர் புகுந்தது என்ற செய்தியின் ஆங்கில வாக்கியம். பின்பக்கத்தில் கரை உடைப்பு, ஒப்பந்த மீறல், நம்பிக்கை மீறல் ஆகிய மூன்றுக்கும் அந்தச் சொல் வருகிற ஆங்கிலத் தொடர்கள். தமிழில் நாம் ஒரு வரி எழுதும்போது 'உடைப்பு. காத்து நிற்கவேண்டிய ஒன்று பிளந்துபோதல்' என்று எழுதினால், கரையும் ஒப்பந்தமும் ஏன் ஒரே சொல்லைப் பெறுகின்றன என்பது விளங்கிவிடுகிறது. வெறுமனே 'மீறல்' என்று எழுதியவருக்குக் கரை உடைந்த செய்தி புரியாது. 'உடைப்பு' என்று மட்டும் எழுதியவருக்கு ஒப்பந்தச் செய்தி புரியாது.

தமிழ்ப் பொருளே எழுதக் கூடாது என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கண்ணால் காணும் பொருளுக்குத் தமிழ்தான் சிறந்த விளக்கம். 'பெலிக்கன்' என்ற பறவைக்கு அகராதி நான்கு வரியில் சொல்வதை 'கூழைக்கடா' என்ற ஒரே சொல் சொல்லிவிடும். கருத்தைக் குறிக்கும் சொற்களுக்குத்தான் ஒற்றைச் சொல் போதாது. அங்கே ஒரு வரியாக எழுதுங்கள்.

அட்டையில் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் நான் தமிழ் எழுத்தில் எழுதுவது படிக்கிறவர்களின் வசதிக்காக. உங்கள் அட்டையில் அது கெடுதல் செய்யும். மேலே 'ரிசீட்' என்று எழுதினேன். வெள்ளம் வடிவதற்கும் அதே எழுத்து, கடையில் வாங்குகிற ரசீதுக்கும் அதே எழுத்து. ஆங்கிலத்தில் கடைசி ஒலி வேறு. 'டிரைவ்' என்று எழுதினால் வண்டி ஓட்டுவதா, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பெறுவதா என்று தெரியாது. ஆங்கிலத்தின் இத்தகைய ஒலி வேறுபாடுகளை நம் எழுத்து தனித்தனியாகக் காட்டுவதில்லை. அதனால் தமிழில் எழுதிக் கற்றவருக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலும் உச்சரிப்பும் சேர்ந்தே தவறுகின்றன.

உச்சரிப்பை அட்டை எழுதும் அன்றே அகராதியின் ஒலிக்குறியை அழுத்திக் கேட்டு, மூன்று முறை உரக்கச் சொல்லிவிடுங்கள். படித்தே கற்ற சொற்களில்தான் நாம் அதிகம் பிழை செய்கிறோம்: 'இபிட்டமி' என்பதை 'எபிடோம்' என்றும், 'ஹைபர்பலி' என்பதை 'ஹைபர்போல்' என்றும், 'ஸட்டில்' என்பதை 'சப்டில்' என்றும் சொல்லுகிறவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். ஒருமுறை தவறாகப் பதிந்தால் காதால் கேட்கும்போது அது தெரிந்த சொல் என்றே அறிய முடியாது.

6. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தல்

இனிப்புப் பெட்டியை அட்டைத் தடுப்புகளால் ஐந்து அறையாகப் பிரியுங்கள். இதை லைட்னர் பெட்டி என்பார்கள். புதிய அட்டை முதல் அறைக்குப் போகும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை 3 நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை பாருங்கள். சொல் சரியாக வந்தால் அட்டை அடுத்த அறைக்கு. வராவிட்டால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்ப வேண்டும். கைப்பேசியில் செய்ய விரும்புவோருக்கு ஆன்கி செயலி இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும்.

இங்கே நடக்கும் பிழை ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரியது. அட்டையைத் திருப்பி, விடையைப் பார்த்துவிட்டு, 'ஆமாம், தெரியும்' என்று அடுத்த அறைக்குப் போட்டுவிடுகிறார்கள். பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் வரவழைப்பது வேறு. திருப்புவதற்கு முன் சொல்லை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மறக்கப்போகும் தறுவாயில் முயன்று எடுத்த சொல்லே ஆழப் பதிகிறது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் பயன்படாது என்று சொன்னதும் இதனால்தான்.

நான்கு முறைக்கு மேல் முதல் அறைக்குத் திரும்பிய அட்டையைக் கிழித்துப் போடுங்கள். அந்தச் சொல் வேறொரு வாக்கியத்தில் மீண்டும் கண்ணில் படும்போது புதிதாக எழுதிக்கொள்ளலாம்.

7. வேர்ச்சொற்கள், 300 அட்டைக்குப் பிறகு

லத்தீன், கிரேக்க வேர்களையும் முன்னொட்டுகளையும் முதலிலேயே கற்பவர்கள் பட்டியலைத்தான் மாற்றுகிறார்கள், முறையை அல்ல. கையில் 300 சொல் சேர்ந்த பிறகு வேரைப் பார்த்தால், அது ஏற்கெனவே உள்ளவற்றைக் கட்டும் கயிறாகிறது. 'இன்ஸ்பெக்ட்', 'ப்ராஸ்பெக்ட்', 'ரெட்ராஸ்பெக்ட்' தெரிந்தவருக்கு, 'ஸ்பெக்ட்' என்பது பார்த்தல் என்று சொன்னால், 'சர்க்கம்ஸ்பெக்ட்' என்ற புதிய சொல் சுற்றும் பார்த்து நடக்கிற எச்சரிக்கையைக் குறிப்பது உடனே பிடிபடும்.

வேரை ஊகத்துக்கு மட்டும் நம்புங்கள். அகராதியில் உறுதி செய்யாமல் எழுதாதீர்கள். 'இன்' என்று தொடங்கினாலே மீதிச் சொல்லுக்கு நேர் எதிர்ப்பொருள் என்று எண்ணி, 'இன்வேல்யுவபிள்' என்பதை மதிப்பற்றது என்று எழுதியவர்கள் உண்டு. அது விலைமதிப்பற்றது, அளவிட முடியாத மதிப்புள்ளது. 'இன்ஃப்ளாமபிள்' என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது.

8. மரியாதையும் சாயலும்

கடையில் 'அண்ணாச்சி' என்று அழைக்கிறவர் விண்ணப்பத்தில் 'ஐயா' என்று எழுதுகிறார். செத்தார், இறந்தார், காலமானார் என்ற மூன்றில் எதை எங்கே சொல்வது என்பது நமக்கு யோசிக்காமலே தெரியும். ஆங்கிலத்திலும் ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படி ஓர் இடம் உண்டு. அகராதியில் முறைசார்ந்தது, பேச்சுவழக்கு, பழையது, இழிவானது என்று சாய்வெழுத்தில் போட்டிருப்பதைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. அதைப் படித்து அட்டையின் மூலையில் குறியுங்கள். 'ஃப்ரூகல்' என்பதற்கும் 'ஸ்டிஞ்சி' என்பதற்கும் உள்ள தூரம், சிக்கனக்காரருக்கும் கஞ்சனுக்கும் உள்ள தூரம்தான். தெரியாமல் மாற்றிப் போட்டால் பாராட்டு வசையாகிவிடும்.

9. நம் பேச்சில் முன்பே குடியேறிய ஆங்கிலச் சொற்கள்

தெரிந்த சொல் என்று நினைப்பதால் இவற்றை யாரும் அட்டையில் எழுதுவதில்லை. கட்டாயம் எழுத வேண்டியவை இவையே. கல்லூரி முடித்ததை 'பாஸ் அவுட்' என்கிறோம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ கேட்பவருக்கு அது மயங்கி விழுந்ததைக் குறிக்கும். கேள்வியை 'டவுட்' என்கிறோம். அங்கே ஒருவரிடம் போய் எனக்கு 'டவுட்' இருக்கிறது என்று சொன்னால், அவர் சொல்வதை நீங்கள் நம்பவில்லை என்று பொருள்படும். சாப்பாட்டுக் கடையை 'ஹோட்டல்' என்கிறோம். மாற்றுச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்கிறோம்.

நெல்லையில் இன்னொன்று சேர்கிறது. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பகுதி நமக்கு 'டவுன்', ரயில் நிலையப் பகுதி 'ஜங்ஷன்'. ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் போனேன் என்று ஆங்கிலக் கட்டுரையில் விளக்கமின்றி எழுதினால், வெளியூர்க்காரருக்கு வேறொரு படமே மனத்தில் எழும்.

10. வாரம் ஒரு பத்தி

சனிக்கிழமை இரவு 120 சொற்களில் ஒரு பத்தி எழுதுங்கள். அந்த வாரச் சொற்களில் மூன்றை மட்டும் அதில் பயன்படுத்துங்கள். பத்துச் சொற்களைத் திணித்தால் பத்தி படிக்கத் தகாததாகிவிடும். எந்தச் சொல் பிசகியது என்பதும் உங்களுக்குத் தெரியாது.

எழுதியபின், ஒவ்வொரு புதிய சொல்லையும் அதன் பக்கத்துச் சொல்லோடு சேர்த்து இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டு இணையத்தில் தேடுங்கள். நாளிதழ்களிலும் நூல்களிலும் அந்த இணை பரவலாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வந்தால், அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்த்துத் திருத்துங்கள். 'எக்ஸார்பிட்டன்ட் மழை' இந்த ஒரு நிமிடச் சோதனையிலேயே அகப்பட்டிருக்கும். திருத்திய தொடரை அந்த அட்டையின் பின்பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

11. மூன்று மாத முடிவில்

ஐந்தாம் அறையில் இரண்டு முறை தவறாமல் வந்த அட்டைகளை வெளியே எடுத்துக் கட்டி வைத்துவிடலாம். பிறகு முதல் நாள் பயன்படுத்திய அதே நாளிதழின் தலையங்கப் பக்கத்தில், நீங்கள் படிக்காத வேறொரு நாளின் 300 சொற்களை எடுத்து மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் அடுத்த துறைக்குப் போகலாம். ஆற்றிலிருந்து நீதிமன்றச் செய்திக்கோ பொருளாதாரத்துக்கோ போகும்போது, 'ப்ரீச்' போன்ற பழைய சொற்கள் அங்கே புதிய வேலையில் நிற்பதைப் பார்ப்பீர்கள். குறையாமலிருந்தால் துறையை மாற்றாமல், 6-ஆம் படியில் விடையைத் திருப்பிப் பார்க்கும் முன் சொல்லை உரக்கச் சொல்கிறீர்களா என்பதை முதலில் சரிபாருங்கள். புதிய எண்ணிக்கையைத் தேதியோடு எழுதி, பழைய பக்கத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.